தாத்தா 96 வயது வரை இருந்தார் என்பதால் அந்தக் காலம் ஆரோக்கியமானதா? ஊரின் உடல்நலத்தை எதை வைத்து அளப்பது?

#1 வாணியாறு

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய வாக்குவாதம். எங்கள் தாத்தா 96 வயதில் காலமானவர். கடைசி வரை தோட்டத்துக்கு நடந்தே போய் வந்தார். சித்தப்பா எழுதினார்: "கேழ்வரகுக் களியும் மோரும் சாப்பிட்ட உடம்பு அது. இன்றைக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை, பிரஷர். சராசரி ஆயுள் கூடிவிட்டது என்று அரசாங்கம் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவது வேறாக இருக்கிறதே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். 1940-களில் இந்தியாவில் பிறந்த ஒருவரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடம், இப்போது சுமார் 70 என்று போட்டிருக்கிறது. 32 என்பது உண்மை என்றால் தாத்தா எப்படி 96 வரை இருந்தார்? அவர் மட்டுமா, அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் எங்கள் ஊரிலேயே இருந்தார்களே.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு ஊர் நலமாக இருக்கிறது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஆயுளை வைத்தா, நோயை வைத்தா, ஆஸ்பத்திரியை வைத்தா?

#2 கம்பங்கூழ்

உங்கள் சித்தப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பத்து வருடமாகச் சிறுதானியம் பயிர் செய்கிறேன், அதனால் இந்தப் பேச்சு எனக்கு முக்கியம். 32 என்ற எண்ணை நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் மட்டும் எண்பது தாண்டிய பாட்டிகள் நாலு பேர். கிணற்றில் தண்ணீர் சேந்தி, உரலில் குத்தி, வயலில் நாற்று நட்டு வளர்ந்தவர்கள். அவர்களுடைய பேரன்கள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறார்கள். இதை எந்த அட்டவணை காட்டும்?

#3 எண்கணக்கு

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வரும். கரும்பலகையில் நான் போடும் கணக்கு இதுதான்.

பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன. மூன்று குழந்தைகள் பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. மீதி ஏழு பேரும் எழுபது வயது வரை வாழ்கிறார்கள். சராசரி ஆயுள் எவ்வளவு? ஏழு எழுபது 490, பத்தால் வகுத்தால் 49. அந்த ஊரில் ஒருவர்கூட 49 வயதில் சாகவில்லை! ஆனால் சராசரி 49. அதே ஊரில் எழுபது வயதுக் கிழவர்கள் திண்ணைக்குத் திண்ணை உட்கார்ந்திருப்பார்கள்.

32 என்பதும் இப்படி வந்த எண்தான். குழந்தைச் சாவும், பிரசவத்தில் இளம்பெண்கள் இறந்ததும், காலராவும் அம்மையும் மலேரியாவும் சேர்ந்து இழுத்துவிட்ட எண். கம்பங்கூழ் ஐயா, உங்கள் தெருப் பாட்டிகள் நாலு பேரையும் நான் மறுக்கவில்லை. அவர்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். இருப்பவர்கள் நம் கண்ணில் படுகிறார்கள், பேசுகிறார்கள், கதை சொல்கிறார்கள். ஒரு வயது தாண்டாதவர்களுக்குப் புகைப்படம்கூட கிடையாது.

அதனால்தான் பொது சுகாதாரத்தில் முதலில் பார்க்கும் எண், உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் பிறந்தநாளுக்கு முன்பே எத்தனை இறக்கின்றன என்பது. இந்தியாவில் 1971-ல் அது 129. 2020-ல் 28. தமிழ்நாட்டில் 2020-ல் 13, கேரளத்தில் 6.

இந்த எண் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. மாதிரிப் பதிவு முறை என்று பெயர். நாடு முழுக்க 1970 வாக்கில் அமலுக்கு வந்தது. தேர்ந்தெடுத்த ஊரில் உள்ளூர் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ வருடம் முழுக்கப் பிறப்பு இறப்பைக் குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, அந்தக் குறிப்பைப் பார்க்காமல், தனியாக வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர் என்றால், மறுபடி அந்த வீட்டுக்கே போய்க் கேட்பார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் பிடித்துவிடுவார்.

#4 வாணியாறு

எண்கணக்கு சார் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அத்தைப்பாட்டிக்குப் போன் செய்தேன். தாத்தாவின் கடைசித் தங்கை அவர்தான். "உங்கள் அம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டேன். நாலு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒன்பது என்றார்.

இரண்டு பேர் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனார்களாம். ஒரு அண்ணனுக்கு அம்மை. ஒரு அக்கா காய்ச்சலில். இன்னொன்றுக்குப் பெயர் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. தாத்தா காலில் முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இருக்கும், மாடு முட்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது நரம்புச் சிலந்தியாம். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்த காலத்தில் வந்தது. புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் இழுத்து எடுத்தார்கள் என்றார்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அப்புறம், "எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லவே இல்லை" என்று மட்டும் எழுதினார்.

#5 பழைய பதிவேடு

தம்பி வாணியாறு, எங்கள் பக்கத்து ஆற்றின் பெயரை வைத்திருக்கிறாய், பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் தர்மபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1990-ல் சேர்ந்தேன். ஒரு துணை சுகாதார நிலையம், சுமார் ஐயாயிரம் பேர், எட்டுக் குக்கிராமம்.

எண் எங்கிருந்து வருகிறது என்று எண்கணக்கு தம்பி சொன்னார். அது எங்கள் காலிலிருந்துதான் வருகிறது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, தாய்சேய் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என்று ஒரு பை நிறையத் தூக்கிக்கொண்டு நடப்போம். யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யார் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், எந்த வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள், எல்லாம் தெரியும்.

அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை ஆகாது. ஒரு வீட்டில் மூன்றாவது பெண் குழந்தை. இரண்டாம் நாள் தூளியில் போட்டு ஸ்பிரிங் தராசில் எடை பார்த்தேன். 2 கிலோ 800. நன்றாகப் பால் குடித்தது. ஐந்தாம் நாள் போனேன். வாசல் கழுவி விட்டிருந்தார்கள். "வயிற்றுவலி, விடியற்காலையில் போயிருச்சு" என்றார் மாமியார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவது? "பலவீனம்" என்று எழுதினேன். 2 கிலோ 800 குழந்தைக்குப் பலவீனம் என்று எழுதிய அந்த வரி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இப்படிப்பட்ட சாவுகள் எங்கள் பக்கமும் சேலம் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் நடந்தன என்பது எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, எண்ணிக்கையாக மேசைமேல் வருவது வேறு. பிறந்த முதல் மாதத்தில் இயற்கையாகப் பெண் குழந்தையைவிட ஆண் குழந்தைதான் கொஞ்சம் கூடுதலாக இறக்கும். ஒரு வட்டாரத்தில் அது தலைகீழாக இருந்தால் அதற்கு நோய் காரணம் கிடையாது. 90-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் ஆண் வேறு, பெண் வேறு என்று பிரித்துக் கூட்டிப் பார்த்தார்கள். எந்தெந்த ஒன்றியம் என்பது வெட்ட வெளிச்சமாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பதிவேட்டில் "சமூகக் காரணம்" என்று எழுதும் வழக்கமும் வந்தது. இரண்டு வார்த்தைதான். முதல் தடவை எழுதும்போது கை நடுங்கியது. ஆனால் அதன்பிறகு எந்த மேலதிகாரியும் "இங்கே அப்படி எதுவும் இல்லை" என்று சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க, 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. எங்கள் பக்கம் ஊர் ஊராக நாடகம் போட்டுப் பேசினார்கள். நாங்கள் பெண் குழந்தை பிறந்த வீடுகளுக்கு முதல் பத்து நாளும் மாறி மாறிப் போனோம். சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும், ஒரு குழந்தை தப்பித்துவிடும்.

மொத்த விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் "குழந்தை இறப்பு அதிகம், மருந்து அனுப்புங்கள்" என்று மருந்துப் பெட்டிதான் வந்திருக்கும்.

அப்புறம் எது இந்த எண்ணைக் குறைத்தது என்று கேட்டால், என் அனுபவத்தில் முதலிடம் பள்ளிக்கூடத்துக்குத்தான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது தட்டு ஏந்திப் போன ஆறு வயதுப் பெண் குழந்தைகள்தான், 96, 97-ல் என்னிடம் கர்ப்பிணிகளாகப் பதிவு செய்தார்கள். எட்டாவது படித்த பெண்ணுக்கும் படிக்காத பெண்ணுக்கும் வித்தியாசம் எங்கே தெரியும் தெரியுமா? குழந்தைக்குப் பேதியானால் படித்த பெண் அன்றைக்கே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, மறுநாள் நிற்காவிட்டால் யாரையும் கேட்காமல் பஸ் ஏறிவிடுவாள். மற்றவள் மாமியார் சொல்லட்டும், வீட்டுக்காரர் வரட்டும் என்று மூன்று நாள் காத்திருப்பாள். அந்த மூன்று நாளில்தான் சாவு.

#6 எண்கணக்கு

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கண்ணால் பார்த்ததை ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஜான் கால்ட்வெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் (திருநெல்வேலி கால்டுவெல் அல்ல) 1986-ல் ஒரு கேள்வி எழுப்பினார். இலங்கை, கேரளம், கோஸ்டா ரிகா மூன்றும் ஏழ்மையான பகுதிகளாக இருந்தும் அங்கே சாவு மட்டும் எப்படி இவ்வளவு குறைந்தது? அவர் முதலில் நிறுத்தியது பெண்களின் கல்வியையும், வீட்டில் அவர்களுக்கு இருந்த சுதந்திரத்தையும். எட்டும் தூரத்தில் ஆஸ்பத்திரியும் எல்லோருக்கும் அடிப்படை உணவும் அதோடு சேர்ந்துகொண்டன.

#7 கம்பங்கூழ்

குழந்தைகள் விஷயத்தில் நான் நினைத்தது தவறு. என் பாட்டியிடம் கேட்டேன், அவருடன் பிறந்தவர்கள் ஏழு, வளர்ந்தது மூன்று. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொன்னதில் பாதி இன்னும் நிற்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-ன்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதற்கு ஐந்து வருடம் முன்னால் 30.9. ஐந்தே வருடத்தில் பத்துப் புள்ளி! குழந்தை இறப்பு விகிதத்தை மட்டும் பார்ப்பவர் "தமிழ்நாடு முன்னேறிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சாகாமல் இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றா? நாற்பது வயதில் சர்க்கரை வந்து, ஐம்பதில் கால் விரலை எடுத்து, எழுபது வரை வாழ்ந்தவர் ஆயுள் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறாரே.

#8 எண்கணக்கு

நியாயமான கேள்வி. உலகம் முழுக்கப் பொது சுகாதாரத் துறையே இதோடு மல்லுக்கட்டியது. 1993-ல் உலக வங்கியின் அறிக்கையில் "டாலி" என்ற அளவை வந்தது. அகாலமாக இறந்ததால் இழந்த வருடங்களையும், நோயோடும் ஊனத்தோடும் கழிந்த வருடங்களையும் ஒரே கணக்கில் கூட்டுவது அது. பார்வை இழந்து வாழும் ஒரு வருடம் முழு வருடத்தில் எத்தனை பங்கு என்று யாரோ ஒருவர் எடை போட வேண்டும் அதில். எனக்கு அது உறுத்தும். ஆனால் மனச்சோர்வு, முதுகுவலி போன்று ஆளைக் கொல்லாமல் வதைக்கும் நோய்கள் எவ்வளவு பெரியவை என்பது அந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் அதிகாரிகள் கண்ணில் பட்டது.

சரி, அப்படியானால் மக்களிடமே "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அமர்த்தியா சென் 2002-ல் இதை எடுத்துக்காட்டினார். நோய் இருக்கிறது என்று இந்தியாவிலேயே மிக அதிகமாகச் சொல்பவர்கள் கேரளத்துக்காரர்கள். மிகக் குறைவாகச் சொல்பவர்கள் பீகார்க்காரர்கள். ஆயுளோ நேர்மாறு! படித்து, டாக்டரைப் பார்த்துப் பழகியவருக்குத்தான் தனக்கு நோய் இருப்பது தெரிகிறது. மூட்டுவலியும் இருமலும் வாழ்க்கையில் சகஜம் என்று வளர்ந்தவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அதனால் வாயால் சொல்வதோடு கருவியால் அளப்பதும் வேண்டும்.

அப்படி அளந்ததில் வந்த ஒரு எண், இந்த இழைக்கே முக்கியமானது. 2020-ல் தமிழ்நாட்டில் ஸ்டெப்ஸ் என்ற ஆய்வு நடத்தினார்கள். பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். மருந்தின் விலை அதிகமில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இருந்தும் நூறு நோயாளியில் ஏழு பேர்தான் கரை சேர்ந்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைத்ததுதான். வீடு தேடிப் போய் அளந்து, மாத்திரையைக் கையில் கொடுப்பது. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது என்பதையும் சேர்த்து எண்ணும் நாளில்தான் அது உண்மையான அளவை ஆகும்.

#9 ஹட்டன் குளிர்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கால்ட்வெல் எங்கள் நாட்டைச் சொன்னதாகப் படித்ததில் ஒரு பெருமை, ஒரு மனவருத்தம். பெருமைக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சுகாதார ஊழியர்களை வைக்கும் சுகாதாரப் பிரிவு முறை 1926-ல் களுத்துறையில் தொடங்கியது, அதுதான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. இன்றும் குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கே வந்து கர்ப்பிணியைப் பார்ப்பார். 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

வருத்தம் என்னவென்றால், அந்தச் சராசரிக்குள் தேயிலைத் தோட்டத் தமிழர்களான நாங்கள் இல்லை. 2016-ம் ஆண்டு கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுக்க 17.3 வீதம். தோட்டப் புறத்தில் 31.7 வீதம். அதே நாடு, அதே வருடம். என் அம்மா கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனில், ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். விறகு அடுப்பும் அதே அறைதான், படுக்கையும் அதே அறைதான். மலையில் கிலோமீற்றர் கணக்கில் இறங்கினால்தான் வைத்தியசாலை. 1948-ல் எங்கள் ஆட்களின் குடியுரிமையையே பறித்தார்கள், தோட்டத்துச் சுகாதாரம் நீண்ட காலம் கம்பனிகள் கையில்தான் இருந்தது. தோட்டத்தைத் தனியாகப் பிரித்து எண்ணியதால்தான் இந்த 31.7 வெளியே தெரிந்தது. பிரிக்காமல் விட்டிருந்தால் 17.3-க்குள் கரைந்து போயிருப்போம்.

செவிலியர் அக்கா ஆண், பெண் என்று பிரித்ததைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

#10 பழைய பதிவேடு

தம்பி ஹட்டன், உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் எத்தனை பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்பது உயிர்நாடியான எண். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-ன்படி தமிழ்நாட்டில் அது 99.6 சதவீதம். அந்த எண்ணுக்கு இனிச் சொல்ல எதுவுமில்லை, அதன் வேலை முடிந்தது. ஆனால் மேடைகளில் இன்னும் அதைத்தான் வாசிக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று இருக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளவு சரியாக வருமா என்ற விவாதம் உண்டு, தெரியும். கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் பெரிய எண்தான். சிசேரியன் 44.9 சதவீதம், முந்தைய கணக்கெடுப்பில் 34.1. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வருகிற பெண்ணின் உடம்பில் ரத்தம் இல்லை. அது ஆஸ்பத்திரியில் சரியாகிற விஷயமா? அவள் பத்து வயதில் என்ன சாப்பிட்டாள், வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தாளா, பதினெட்டு முடியும்முன் கல்யாணமா, வெறுங்காலோடு வெளிக்குப் போய், ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு ஏறியதா என்பதில் இருக்கிறது. கம்பங்கூழ் ஐயா, உங்கள் கேழ்வரகுக்கும் கம்புக்கும் இங்கேதான் வேலை. தாத்தாக்களை விட்டுவிடுங்கள், பத்து வயதுப் பெண் குழந்தையின் தட்டைப் பாருங்கள்.

#11 கம்பங்கூழ்

அக்கா, இது எனக்கு வேண்டிய வார்த்தை. எங்கள் ஊர்ப் பள்ளியில் பேசிப் பார்க்கிறேன். மாவட்ட வாரியாக இந்த எண்கள் எங்கே கிடைக்கும்?

#12 எண்கணக்கு

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சில பக்க அட்டவணை வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம். ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம், கல்யாண வயது, கழிப்பறை வசதி எல்லாம் இருக்கும். மாநில எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் அளவில் வேண்டுமென்றால் அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை, உயரப் பதிவைப் பார்க்கக் கேளுங்கள்.

#13 வாணியாறு

நான் தொடங்கிய இழை என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கேரளம், பீகார் கதையைப் படித்ததிலிருந்து அம்மா ஞாபகமாகவே இருந்தது. வயது 58. எப்போது கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். காலையில் தலை பாரமாக இருக்கிறது என்பார், காபி குடித்தால் சரியாகிவிடும் என்பார். யோசித்துப் பார்த்தால், என் தங்கை பிறந்த பிறகு அவர் கையில் யாரும் பிரஷர் பட்டையைக் கட்டியதாகவே நினைவில்லை. தங்கைக்கு 31 வயது.

வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் பெண் வந்தபோது அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்தேன். 172-க்கு 104. கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார், 168-க்கு 102. வெள்ளிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஊறுகாய் ஜாடியை அம்மாவே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

சித்தப்பாவும் வந்து உட்கார்ந்து அளந்துகொண்டார். அவருக்கு 130-க்கு 84. அடுத்த மாதம் திரும்ப வருவார்கள். அம்மாவின் எண்ணை இங்கே எழுதுகிறேன்.